வாப்பாட கணக்குக் கொப்பி

கொஞ்சம் நீண்ட பதிவு. வேலையெல்லாம் முடிந்து ஆறுதலாக வாசியுங்கள். வயல் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் பத்தாம் வகுப்பில் நேர்மாறு விகிதசமன் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் வழமையான கணக்குத்தான் எழுதினேன். ஒரு வயலின் களையை 6 ஆட்கள் 8 நாட்களில் பிடுங்கி முடிப்பார்களாயின், 4 ஆட்களுக்கு எத்தனை நாட்கள் தேவை? ஆறெட்டு நாற்பத்தெட்டு, அதை நாலால் பிரித்தால் பன்னிரண்டு. முன்வாங்குப் பொடியன் நான் எழுதி முடிக்க முதலே விடை சொல்லிவிட்டான்.

பின்னால் இருந்த ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். அதிகம் கதைக்காத பிள்ளை.

"டீச்சர், ஆட்கள் எண்டா ஆம்புளையளா, பொம்புளையளா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, "ஆர் எண்டாலும் கணக்கு ஒண்டுதான் மகள்" என்றேன்.

"அப்ப ஏன் டீச்சர் எங்கட அம்மாக்கு 2000, மாமாக்கு 3000? ஒரே வயலுக்குத்தான் போறாங்க. ஒரே களைதான் புடுங்கிற."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாய்மார் அதே கூலிக்குப் போகிறவர்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். "அது வேற கணக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்கை எழுதினேன். மணி அடித்தது எனக்குப் பெரிய உதவி.

நான் காத்தான்குடியில் இருந்து ஒவ்வொரு நாளும் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குப் படிப்பிக்க வருகிறவள். ஆறரை, ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் பாலம் ஏறும்போது எனக்கு முன்னால் உழவு மெசின்கள் போகும். பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள். தலையில் துணி, அதற்கு மேல் தொப்பி, ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, மடியில் சோற்றுப் பார்சல். ஓட்டுகிற சீற்றில் ஒரு ஆண். சில நாள் பெட்டிக்குள் இருந்து ஒரு கை எனக்குக் காட்டும், என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்றின் தாயாக இருக்கும். நானும் கை காட்டுவேன். ஆறு வருடமாகப் பார்க்கிற காட்சி. பெட்டிக்குள் ஆர், சீற்றில் ஆர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்தப் பிள்ளையின் தாயையும் எனக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தவணை பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை. முன்னேற்ற அறிக்கையில் "பெற்றோரின் அக்கறை போதாது" என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வயலால் வந்து காலில் சேறு கழுவிக்கொண்டு நின்றார். கதிரை எடுத்துப் போட்டார், பிளேன்டீ ஊற்றினார். கூட்டத்துக்கு வராத காரணத்தைக் கேட்காமலே சொன்னார்.

"பத்து மணிக்குக் கூட்டம் வைப்பீங்க டீச்சர். முழுநாளும் போயிரும். ஒரு நாள் நிண்டா மத்த நாள் மெசின் வாசல்ல நிக்காது."

கணவர் இல்லாத குடும்பம். களையும் பிடுங்குவார், வரம்பும் செதுக்குவார், உரமும் எறிவார். வரம்பு செதுக்குவது ஆம்பிளை வேலை என்பார்கள். அந்த வேலையை இவர் செய்தால் அதற்கும் பெண்கூலிதான். என்ன வேலை செய்தார் என்று பார்ப்பதில்லை, ஆர் செய்தார் என்றுதான் பார்க்கிறார்கள்.

ஒரு பேச்சுக்குக் கேட்டேன், "ஆற்ற வயலுக்கு அக்கா போற நீங்க?" சொன்னார். இரண்டு மூன்று பேரின் பெயரைச் சொன்னார். அதில் ஒன்று என் வாப்பாவின் பெயர்.

அவருக்கு நான் ஆர் மகள் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அன்று இரவு வீட்டில் அலுமாரிக்கு மேலே கிடந்த வாப்பாவின் பழைய கொப்பிகளை இறக்கினேன். வாப்பாவுக்கு உன்னிச்சைப் பக்கம் மூன்று ஏக்கர் பேர்மிற் காணி இருக்கிறது. சண்டைக் காலத்தில் நெடுநாள் அந்தப் பக்கம் போக முடியாமல் இருந்து, 2007க்குப் பிறகு ஒழுங்காகச் செய்யத் தொடங்கினார். நான் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம் அது. கல்வியியற் கல்லூரிக்குப் போகும் வரைக்கும் வயல் கணக்கு எழுதினது நான்தான். வாப்பா சொல்லச் சொல்ல எழுதுவேன். உழவு இவ்வளவு, விதைநெல் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, கூலி இவ்வளவு.

கொப்பியில் 2008 பெரும்போகம். என் கையெழுத்து. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

களை. ஆ. 2, பெ. 4. ஆ. 600, பெ. 400.

பக்கம் பக்கமாக அதேதான். கணித ஆசிரியர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். 600க்கு 400 என்றால் மூன்றுக்கு இரண்டு. இன்று 3000க்கு 2000. அதுவும் மூன்றுக்கு இரண்டு. இடையில் ஆட்சி எத்தனையோ மாறியது, அரிசி விலை, பெற்றோல் விலை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அந்த விகிதம் மட்டும் அசையவில்லை. அதை வடிவான எழுத்தில் எழுதி வைத்தவளே நான்தான். அந்த வயதில் "பெ." என்று எழுதும்போது அது ஒரு ஆளின் முதுகு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு எழுத்து, அவ்வளவுதான்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு வாப்பாவிடம் கேட்டேன். வாப்பா கோபிக்கவில்லை. "ஊர் வழக்கம் புள்ள" என்றார். "நான் மட்டுமா குடுக்கிறன்? ஆம்புளையள் மூட்டை தூக்கிற, மருந்து டாங்கி முதுகுல போடுற. அது பாரமான வேலை."

நியாயமான கதைதான். நெல் மூட்டை தூக்குவது பாரம்தான். அதற்கு வேறு கூலி கொடுங்கள், கூடக் கொடுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆ. 2 பேரும் அன்று மூட்டை தூக்கவில்லையே. பெ. 4 பேரோடும் ஒரே வரிசையில் குனிந்து களைதான் பிடுங்கினார்கள். இன்னொன்று. காலை ஏழு மணியில் இருந்து பின்னேரம் வரைக்கும் முழங்கால் தண்ணிக்குள் குனிந்து நிற்பது பாரம் இல்லை என்று ஆர் முடிவு செய்தது? குனிந்து நிற்காத ஆட்கள்தானே.

வாப்பாவை நான் குறை சொல்ல எழுதவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நெல்லுக்குச் ஸக்காத் கணக்குப் பார்ப்பதில் அவ்வளவு பயம் உள்ள மனிதன். மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று என்று ஆலிம்களிடம் கேட்டுக் கேட்டுக் கொடுப்பார். ஒரு மரைக்கால் கூடக் குறையக் கூடாது அவருக்கு. அதனால்தான் அவரிடம் அவருடைய பாஷையிலேயே கேட்டேன். "வாப்பா, அளவையில குறைக்கிறவங்களப் பற்றி முதஃப்பிஃபீன் எண்டு ஒரு சூராவே இறங்கியிருக்கே. மரைக்கால்ல குறைச்சா மட்டுந்தானா அது? ஒரே வேலைக்கு ஆள் பார்த்துக் கூலி குறைக்கிறது என்ன அளவை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாலு பேர், மூணு நாள், ஆயிரம் ரூபா கூட" என்று விரல் மடித்தார். "பன்னிரண்டாயிரம் புள்ள. நெல்லு விலை இரிக்கிற இருப்புக்கு." அதுவும் உண்மை. விவசாயியின் கஷ்டம் தெரியாமல் நான் கதைக்கவில்லை. உரம் விலை, எண்ணெய் விலை எல்லாம் அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. ஆனால் அதே கொப்பியில் வெட்டு மெசின் கூலியும் இருக்கிறது. மெசின்காரன் கேட்டதைக் கொடுத்திருக்கிறோம். பேரம் பேசினதாக ஒரு வரியும் இல்லை. பேரம் பேச முடிந்தது பெட்டிக்குள் வந்த பெண்களோடு மட்டும்தான்.

மெசின் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். முன்பு வெட்டு என்றால் பெண்களுக்கும் வேலை. வெட்டு, கதிர் பொறுக்குதல், தூற்றுதல் என்று ஒரு போகத்தில் எத்தனையோ நாள். எங்கள் உம்மம்மா காலத்தில் எங்கள் பெண்களும் வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்கியிருக்கிறார்கள், அதை ஒருவரும் குறையாகப் பார்க்கவில்லை. இன்று வெட்டு மெசின் வந்து ஒரு ஏக்கரை ஒரு பொழுதில் முடித்துவிட்டுப் போகிறது. களைநாசினி களை எடுக்கிறது. மெசின் வந்தது பிழை இல்லை. ஆனால் மெசின் வந்தபோது பெண்கள் வெளியே போனார்கள், மெசினில் ஏறினது ஆண்கள் மட்டும்தான். டிரைவர் ஆண், உதவியாள் ஆண், சொந்தக்காரர் ஆண், திருத்துகிற கராச்சும் ஆண். தொழில் இலேசாகும்போது அது ஆண்களுக்கும் வருமானம் கூடும்போது அதுவும் ஆண்களுக்கும் போகிறது. மிச்சம் இருக்கிற குனிகிற வேலை பெண்களுக்கு.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். எங்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. சம பெறுமதியுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016இல் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு நிரல் இல்லை, ஒரே தொகைதான்.

மலையகத்தை எடுத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு காலம் ஆணுக்கு ஒரு நாட்சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்றுதான் இருந்தது. கொழுந்து பறிக்கிறது பெண்கள், அதில்தான் தோட்டமே ஓடுகிறது, என்றாலும் அப்படித்தான். 1984இல் அந்த வித்தியாசத்தை நீக்கினார்கள். அதனால் தோட்டங்கள் இழுத்து மூடப்படவில்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்கிறார்களே, இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அங்கே அந்த வேலைக்குக் கூடுதலாக வருகிறது பெண்கள்தான். முடியாத காரியம் இல்லை என்பதற்குச் சொல்கிறேன்.

என் சம்பளச் சிட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் ஆண் ஆசிரியர், பெண் ஆசிரியர் என்று பிரிவு இல்லை. எந்தத் தரம், எத்தனை வருடச் சேவை என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். பிள்ளை பெற்றபோது 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருந்தேன். இதையெல்லாம் நான் பிறக்க முதல் ஆரோ கேட்டு, ஆரோ சண்டை பிடித்து எடுத்துத் தந்திருக்கிறார்கள். நான் ஒரு நாளும் கேட்க வேண்டி வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், என் வாங்கில் இருக்கிற பிள்ளையின் தாய்க்கு அது எதுவும் இல்லை. நாங்கள் காத்தான்குடியில் குழாயைத் திறந்தால் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி. சாப்பிடுவது அந்தக் குளத்தின் கீழ் விளைந்த நெல். அதை விளைவித்த ஆளின் கூலி மட்டும் எங்களுக்குத் தூரத்துச் சங்கதி.

காணியையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கிழக்கில் தமிழர்களும் சரி, முஸ்லிம்களும் சரி, குடி பார்ப்பது தாய்வழி, வீடு கொடுப்பது பெண்பிள்ளைக்கு. அதில் எங்களுக்குப் பெருமை. ஆனால் வயல்? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பேர்மிற்காரர் பின்னுரித்தாளரைக் குறிப்பிடாமல் மௌத்தானால் உரித்து வரிசையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம். மூத்தது பெண்ணாக இருந்தாலும் தம்பிக்குப் பின்னால்தான். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? காணி ஆணின் பெயரில் இருந்தால் கமக்காரர் அமைப்பில் ஆண், கன்னக் கூட்டத்தில் ஆண், வட்டை விதானை ஆண். கூலி பேசுகிற இடத்தில் கூலி வாங்குகிற பெண் இல்லை. பிறகு எப்படி அந்த மூன்றுக்கு இரண்டு மாறும்?

"பொம்புளையள் வயலுக்குப் போறதே சரியில்ல, அதுக்குள்ள சமகூலியா" என்று வாப்பாவைப் பார்க்க வந்த ஒருவர் என் காதில் விழச் சொன்னார். அவருக்கு மரியாதையாக ஒன்றை ஞாபகப்படுத்தினேன். ஜாபிர் (ரழி) அவர்களுடைய தாயின் சகோதரி, தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தவர், தன் பேரீச்சை மரங்களில் காய் பறிக்கப் போனபோது ஒருவர் தடுத்தார். அந்தப் பெண் நேரே றஸூலுல்லாஹ்விடம் (ஸல்) போய்க் கேட்டார். அனுமதி கிடைத்தது. முஸ்லிம் கிரந்தத்தில் வருகிற செய்தி. அன்னை கதீஜா (ரழி) கூலி கொடுத்து ஷாமுக்கு வியாபாரம் அனுப்பின முதலாளி. வியர்வை உலர முதல் கூலியைக் கொடு என்ற மார்க்கத்தில், ஆம்பிளையின் வியர்வைக்கு ஒரு விலை, பொம்பிளையின் வியர்வைக்கு ஒரு விலை என்று எங்கே இருக்கிறது? அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் போகத்தில் வாப்பா களைக்கு வந்த ஆறு பேருக்கும் ஒரே கூலி கொடுத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். "களை. ஆட்கள் 6" என்று மட்டும் எழுதியிருந்தார், நடுங்கின எழுத்தில்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டாம் நாளே பக்கத்து வயல்காரரின் போன் வந்தது. "ஹாஜியார், உங்கட டீச்சர் மகள்ர கதையக் கேட்டு எங்கட தலையில கை வெக்காதீங்க. இனி எல்லாரும் அதே ரேட்டுத்தான் கேப்பாளுகள்." வாப்பாவின் நாற்பது வருடப் பழக்கம் அவர். இப்போது பள்ளிவாசலில் கண்டால் ஸலாம் மட்டும்தான்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது அந்தத் தாய் சொன்னது. இந்த முறை நான் ஆர் என்று சொல்லிவிட்டுத்தான் கதைத்தேன். அறிக்கையில் எழுதினதற்கு மன்னிப்பும் கேட்டேன். கூலி கூடினதற்குச் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "சந்தோசம்தான் டீச்சர்" என்றார். பிறகு, "ஆனா ஒரு ஆள் மட்டும் கூட்டிக் குடுத்தா மத்த வயல்காரர் எங்கள விட்டுட்டு மருந்து அடிச்சிருவாங்க. இல்லாட்டி வேற ஊரால ஆள் ஏத்துவாங்க. கூலி கூடி வேலை இல்லாமப் போனா என்ன செய்யிற?"

படித்த எனக்கு அது தோன்றவில்லை. கூலி கூட்டுவது ஒரு போடியாரின் நல்ல மனம் என்று இருந்தால் அது அடுத்த போகம் வரைக்கும்தான். எல்லாரும் சேர்ந்து செய்தால்தான் அந்தப் பயம் போகும்.

அதனால்தான் இந்தப் பதிவு. என் கோரிக்கை பெரியது இல்லை. அடுத்த கன்னக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கிற திகதி, விதைப்புத் திகதி, மாடு அகற்றுகிற திகதி எல்லாம் பேசுவீர்கள். மெசின் கூலியைப் பற்றிக் கூட அங்கே சண்டை நடந்திருக்கிறது என்று வாப்பா சொல்வார். அதோடு கூலியையும் பேசுங்கள். ஆளைப் பார்த்து அல்ல, வேலையைப் பார்த்து. களைக்கு இவ்வளவு, வரம்புக்கு இவ்வளவு, மூட்டை தூக்க இவ்வளவு. ஆர் செய்தாலும் அந்தக் கூலி. அந்தக் கூட்டத்துக்கு வயலில் இறங்குகிற பெண்கள் இரண்டு மூன்று பேரையாவது கூப்பிடுங்கள். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். இதை எழுதும்போதே என் முகம் சுடுகிறது, ஏனென்றால் பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தவர்கள் நாங்கள். அதிபரிடம் கேட்டிருக்கிறேன், வருகிற தவணைக் கூட்டம் பின்னேரம் நான்கரைக்கு.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் படுவான்கரையில் வயல் வைத்திருக்கிற என் சொந்தக்காரருக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் வீட்டுக் கணக்குக் கொப்பியையும் ஒருக்கா இறக்கிப் பாருங்கள். அதில் ஆர் கையெழுத்து என்று பாருங்கள்.

கடைசியாக. அந்தப் பிள்ளையிடம் போன கிழமை கேட்டேன், ஓ.எல். முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று. நேர்ஸ், டீச்சர் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "வெட்டு மெசின் ஓட்டப் பழகப் போறன் டீச்சர்" என்றாள். பக்கத்தில் இருந்த பொடியன், "பொம்புளப் புள்ளக்கு ஆர் மெசின் தருவான்?" என்றான். அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள், "அதுக்கு லைசன் குடுக்கிறது உன்ட அப்பா இல்லதானே."

நான் சிரிக்கவில்லை. எங்கே பழக்குகிறார்கள், என்ன தகைமை கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். உங்கள் ஊரில் களைக்கு ஆண்கூலி எவ்வளவு, பெண்கூலி எவ்வளவு என்று கீழே எழுதுங்கள். திட்டுகிறவர்களும் எழுதுங்கள், ஆனால் கூலியையும் எழுதிவிட்டுத் திட்டுங்கள்.

வாப்பாவுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் இடையில் மனஸ்தாபம் நீங்க துஆச் செய்யுங்கள்.